ஹோம் தியேட்டர் கட்டப் போகிறீர்களா? முதலில் ஆட்களைச் சேருங்கள்

வீட்டில் நல்லதொரு ஹோம் தியேட்டர் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?" என்பதுதான். அதையும் பெயின்ட் வேலை நடந்துகொண்டிருக்கும்போது கேட்பார்கள். அதற்குள் அறையின் நீள அகலம் முடிவாகியிருக்கும். ஃபால்ஸ் சீலிங் மூடியிருப்பார்கள். ஏசி எந்தச் சுவரில் என்று ஏசிக்காரரும், கதவு எவ்வளவு கனம் என்று தச்சரும் முடிவு செய்திருப்பார்கள். அந்த அறையில் சத்தம் எப்படிக் கேட்கும் என்பதில் பெரும்பங்கை இவர்களே தீர்மானித்தாகிவிட்டது. தாங்கள் அப்படி ஒரு முடிவை எடுத்தோம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

உயர்தர ஹோம் தியேட்டர் அமைப்பதில் பெரிய வேலையே இந்த ஆட்களைச் சரியான நேரத்தில் ஒரே வரைபடத்தின் முன்னால் உட்கார வைப்பதுதான். யார் யார் வேண்டும், ஒருவர் முடிவு இன்னொருவர் வேலையை எங்கே கெடுக்கும், எந்தக் கட்டத்தில் எதைப் பேசி முடிக்க வேண்டும் என்று புதிதாக இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். 20 அடி நீளம், 14 அடி அகலம், 10 அடி உயரம். தனி வீடு கட்டுபவர்கள் மாடியில் ஒதுக்கக்கூடிய அளவுதான்.

உயர்தரம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

விலையை வைத்து இல்லை. ஒரு படத்துக்கு ஒலிக்கலவை செய்யும்போது இயக்குநரும் ஒலிப்பொறியாளரும் மிக்ஸிங் தியேட்டரில் உட்கார்ந்து எதைக் கேட்டு "சரி" சொன்னார்களோ, அதை உங்கள் சோபாவில் உட்கார்ந்து கேட்க முடிய வேண்டும். அதற்கு அளவு இருக்கிறது. சினிமா மிக்ஸிங்கில் ஒவ்வொரு சேனலையும் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனியாகப் போகும் ஒலித்தடம்) 85 டெசிபலுக்கு அமைத்துவிட்டு, அதற்கு மேலே 20 டெசிபல் இடம் விடுவார்கள். அதாவது வெடிச்சத்தம் வரும் நொடியில் ஒரு சேனல் 105 டெசிபல் வரை போகலாம். பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளுக்கென்று தனியாக இருக்கும் சேனல் 115 வரை போகலாம். இதை ரெஃபரன்ஸ் லெவல் என்பார்கள்.

வீட்டில் பலரும் இதைவிடக் குறைத்துத்தான் கேட்பார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் இந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதைச் சரிபார்க்க முடியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 88 டெசிபல் என்று போட்டிருந்தால், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் கேட்கும் என்று அர்த்தம். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். 4 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 12 டெசிபல் போய்விடும். உங்கள் காதில் 105 விழ வேண்டுமென்றால் ஸ்பீக்கர் பக்கத்தில் 117 வர வேண்டும். 88-லிருந்து 117-க்கு 29 டெசிபல் ஏற வேண்டும், ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு வாட் தேவை. கணக்கு முடியும்போது ஏறத்தாழ 800 வாட் நிற்கும். அதே இடத்தில் 95 டெசிபல் ஸ்பீக்கரை வைத்தால் 160 வாட் போதும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்பும் சத்தமும் சேரும் என்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். "100 வாட் ரிசீவர் சார், வீடே அதிரும்" என்று யாராவது சொன்னால் இனி சிரித்துக்கொள்ளலாம்.

அறைதான் முதல் கருவி

ஸ்பீக்கரை விட அறை முக்கியம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று சொல்பவர்கள் குறைவு. பேஸ் சத்தத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும்.

சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 1,130 அடி போகிறது. 20 அடி நீள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே போய்த் திரும்ப 40 அடி. 1,130-ஐ 40-ஆல் வகுத்தால் 28. அந்த அறையில் 28 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 28 அதிர்வு) சத்தம் வந்தால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி, சுவர் ஒவ்வொரு முறையும் அதைச் சரியாகத் திருப்பித் தள்ளும். அந்தச் சத்தம் மட்டும் ஊதிப் பெரிதாகும். 14 அடி அகலத்துக்கு 40 ஹெர்ட்ஸ், 10 அடி உயரத்துக்கு 56 ஹெர்ட்ஸ். இவற்றை ரூம் மோடு என்பார்கள். ஒவ்வொன்றின் மடங்குகளிலும் இதே கதை நடக்கும்.

இங்கேதான் நம் உதாரண அறையில் ஒரு சிக்கல் தெரிகிறது. 28-ன் இரண்டு மடங்கு 56. நீளமும் உயரமும் ஒரே இடத்தில் வந்து மோதுகின்றன. நீளம் உயரத்தின் சரியான இரண்டு மடங்கு என்பதால் வந்த வினை. 56 ஹெர்ட்ஸ் சத்தம் வரும்போதெல்லாம் அறை இரட்டிப்பாகக் குமுறும். நீளத்தை இருபத்தொன்றரை அடியாக்கினால் முதல் மோடு 26-க்கும் இரண்டாவது 52-க்கும் நகர்ந்துவிடும், மோதல் விலகும். வரைபடத்தில் ஒரு கோட்டை ஒன்றரை அடி தள்ளிப் போட ஆர்க்கிடெக்டுக்கு ஐந்து நிமிஷம். சுவர் எழும்பிய பிறகு அதே வேலைக்கு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. (தங்க விகிதம், இன்னார் விகிதம் என்று இணையத்தில் நிறைய அட்டவணைகள் உலவுகின்றன. மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சதுர அறையும், ஒன்று இன்னொன்றின் சரியான மடங்காக வரும் அளவுகளும் வேண்டாம். அதைப் பார்த்துக்கொண்டாலே பெரிய தொல்லை தப்பியது.)

இதைக் காதாலேயே பார்க்கலாம். எந்த அறையிலும் சப்ஊஃபரில் (பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) அதன் நீளத்துக்கான முதல் மோடு ஒலியை ஒரே சீராக ஓடவிட்டு மெதுவாக நடந்து பாருங்கள். சுவரோரம் நெஞ்சை அழுத்தும். நான்கு அடி முன்னால் வந்தால் சாதாரணமாக இருக்கும். அறையின் நடுவில், யாரோ ஆம்ப்பை அணைத்த மாதிரி, காணாமலே போய்விடும். அந்த நடு இடத்தில்தான் பல வீடுகளில் சோபா போட்டிருக்கிறார்கள். பேஸ் போதவில்லை என்று இன்னும் பெரிய சப் வாங்குகிறார்கள். சோபாவை மூன்றடி பின்னால் தள்ளினால் காசு மிச்சம்.

சப்ஊஃபர் ஒன்றுக்கு நான்காக வைத்தால் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகச் சமமாகும். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-ல் இதை ஆராய்ந்து காட்டினார். நான்கு சுவர்களின் நடுவிலோ நான்கு மூலைகளிலோ வைப்பது நல்லது, இரண்டுதான் முடியும் என்றால் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைக்கலாம். நாலு வைப்பது சத்தத்துக்காக இல்லை, ஒவ்வொரு இருக்கையிலும் ஒரே மாதிரி கேட்பதற்காக. ஆனால் பாருங்கள், பின் சுவரின் நடுவில் சப் வர வேண்டுமென்றால் அங்கே மின்சாரமும் சிக்னல் வயரும் வர வேண்டும், அங்கே கதவு இருக்கக் கூடாது. மறுபடியும் ஆர்க்கிடெக்ட், எலக்ட்ரீஷியன்.

வெளிநாட்டு வடிவமைப்பைப் பார்த்து அப்படியே செய்யச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் போர்டு அடித்த சுவர். பேஸ் பட்டால் அந்தச் சுவர் கொஞ்சம் அசையும், கொஞ்சம் வெளியேயும் விடும். நம் ஊரில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே காங்கிரீட் தளம். அது எதையும் விடாது, உள்ளேயே திருப்பித் தள்ளும். அதனால் இங்கே பேஸைக் கட்டுப்படுத்தும் வேலை அதிகம். அவர்கள் வீட்டில் போதுமானதாக இருந்த பேஸ் டிராப் (பேஸை உறிஞ்சும் தடித்த பேனல்) இங்கே போதாது.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டும் யோசனை இன்னும் சாகவில்லை. 28 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 40 அடி. அதன் முன்னால் ஓர் அங்குல ஃபோமே கண்ணுக்குத் தெரியாத பொருள், முட்டை அட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சாபினும் ஒரு வண்டி மெத்தையும்

கட்டடக் கலைஞரும் ஒலி அறிந்தவரும் சேர்ந்து வேலை செய்வது எங்கே ஆரம்பித்தது என்று பார்த்தால் நல்ல கதை ஒன்று இருக்கிறது. 1895-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அரங்கில் யார் பேசினாலும் புரியவில்லை. சொன்ன சொல் ஐந்து நொடிக்கு மேல் அறையிலேயே சுற்றியது. இதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் தலையில் விழுந்தது. அவர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்து வந்து அரங்கில் போட்டார். ஓர் ஆர்கன் குழாயை ஊதவிட்டு, சத்தம் அடங்க எத்தனை நொடி என்று குறித்தார். இன்னும் கொஞ்சம் மெத்தை, மறுபடியும் அளவு. இப்படியே அளந்து அளந்து, அறையின் கனஅளவுக்கும் சத்தத்தை உறிஞ்சும் பரப்புக்கும் உள்ள உறவைச் சூத்திரமாக்கினார். அந்தக் கணக்கை வைத்து, கட்டுவதற்கு முன்பே ஒலியைத் திட்டமிட்டு எழுப்பிய பாஸ்டன் சிம்ஃபனி ஹால் 1900-ல் திறந்தது. உலகின் மிகச் சிறந்த இசை அரங்குகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

அந்தச் சூத்திரத்தை நம் அறைக்கும் போடலாம். நீளத்தை இருபத்தொன்றரை அடி ஆக்கிவிட்டோம், கனஅளவு 3,010 கன அடி. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 1,312 சதுர அடி. வெறும் பூச்சும் டைல்ஸும் விழும் சத்தத்தில் இரண்டு மூன்று சதவீதம்தான் உறிஞ்சும். அப்படியே விட்டால் சத்தம் அடங்க நான்கு நொடிக்கு மேல் ஆகும். ஹோம் தியேட்டருக்கு வேண்டியது 0.3 நொடி அளவில். அதற்கு அறையின் மொத்தப் பரப்பும் சராசரியாக 37 சதவீதம் உறிஞ்ச வேண்டும். சின்ன அறையில் இந்தச் சூத்திரம் தாழ்ந்த ஒலிகளுக்குப் பொருந்தாது, பேச்சு ஒலிக்கு நல்ல தோராயம் தரும். தடித்த கம்பளம், துணி இருக்கைகள், சுவரில் நான்கு அங்குல ராக்வூல் (பாறையிலிருந்து செய்த பஞ்சு) பேனல்கள் என்று ஏன் செலவாகிறது என்பதற்கு இந்த 37-தான் பதில்.

எதிர்க்கதையும் உண்டு. 1962-ல் நியூயார்க் லிங்கன் சென்டரில் ஃபில்ஹார்மானிக் ஹால் திறந்தது. ஒலி ஆலோசகர் லியோ பெரானெக், அந்தத் துறையில் அன்றைக்கு அவரை விடப் பெரிய பெயர் இல்லை. அவர் முதலில் சொன்னது நீள்பெட்டி வடிவம். இடையில் இருக்கைகள் இன்னும் வேண்டும் என்ற நெருக்கடி வந்தது, அரங்கின் வடிவம் மாறியது. திறந்த நாளிலிருந்து ஒலி சரியில்லை என்ற புகார். 1976-ல் உள்ளே முழுக்கப் பிரித்துக் கட்டினார்கள். அதுவும் திருப்தியில்லாமல், 2022-ல் மறுபடியும் புதுப்பித்துத் திறந்தார்கள். நிபுணரைக் கூப்பிட்டது மட்டும் போதவில்லை. அவர் கணக்குப் போட்ட அறையும் கடைசியில் கட்டிய அறையும் வேறு வேறு.

வீட்டு அளவில் இது அப்படியே நடக்கும். ஒரு வரிசைக்குத் திட்டமிட்ட அறையில், பாதி வேலையில், "சொந்தக்காரங்க வந்தா எங்கே உட்காருவாங்க? பின்னால் இன்னொரு வரிசை போடுங்க" என்று வீட்டுக்காரர் சொல்வார். நம் அறையில் முதல் வரிசை திரைச்சுவரிலிருந்து 14 அடியில் இருக்கிறது. இரண்டாவது வரிசை வந்தால் தலை பின் சுவரை ஒட்டிப் போகும், பேஸ் மிக அதிகமாகக் கேட்கும் இடம். திரை தெரிய வேண்டும் என்று அந்த வரிசைக்கு ஓர் அடி மேடை கட்டுவார்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு 10 அங்குலம் போனது, மேடைக்கு 12 அங்குலம் போனது, மீதி எட்டு அடி சொச்சம். பின் வரிசையில் ஒருவர் எழுந்து நின்றால் புரொஜக்டர் ஒளியில் தலை விழும். இரண்டு வரிசை வேண்டுமா, முதல் நாளே சொல்லிவிடுங்கள். அறையையே அதற்கேற்றபடி வரைவார்கள்.

யார் யார் வேண்டும்

அகூஸ்டிக் கன்சல்டன்ட், ஏவி இன்டகிரேட்டர் என்ற இரண்டு பேரைப் பலரும் ஒன்றாக நினைக்கிறார்கள். முதலாமவர் அறையை வடிவமைப்பவர். அளவுகள், சுவர் அமைப்பு, எங்கே உறிஞ்ச வேண்டும், எங்கே சிதறடிக்க வேண்டும், ஸ்பீக்கர் எந்தக் கோணத்தில் என்று வரைந்து கொடுப்பார். இரண்டாமவர் கருவிகளைத் தேர்ந்து, வயர் இழுத்து, அவற்றை அடுக்கும் ரேக் கட்டி, ஓடவைப்பவர். ஒரே நிறுவனம் இரண்டையும் செய்வதுண்டு, அதில் தவறில்லை. என் விருப்பம் கேட்டால், வடிவமைப்புக் கட்டணத்தைத் தனியாகக் கொடுத்து, வரைபடம் உங்கள் சொத்து என்று எழுதி வாங்குங்கள். "எங்களிடம் ஸ்பீக்கர் வாங்கினால் டிசைன் இலவசம்" என்றால், அந்த டிசைன் எந்த ஸ்பீக்கரை நோக்கிப் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏசிக்காரரை யாருமே கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிட வேண்டும். எட்டுப் பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 100 வாட் என்று 800 வாட் சூடு. புரொஜக்டர் ஒரு 400, ஆம்ப்கள் ஒரு 500. வெயிலே படாவிட்டாலும் ஏறத்தாழ அரை டன் ஏசி இதற்கே போகும். மேற்குச் சுவர் என்றால் சித்திரை மாதம் அது தனிக் கணக்கு. சாதாரணமாகச் சுவரில் ஸ்பிளிட் ஏசியை மாட்டிவிடுவார்கள். படத்தில் ஒருவர் கிசுகிசுக்கும் காட்சி வரும், அந்தக் கிசுகிசுப்பின் மேல் ஏசியின் உஸ் சத்தம் உட்கார்ந்திருக்கும். நல்ல தியேட்டரில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அறையின் பின்னணி இரைச்சல் 30 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும். யூனிட்டை வேறு இடத்தில் வைத்து, பெரிய டக்டில் (காற்றுக் குழாயில்) காற்றை மெதுவாக அனுப்பினால்தான் அது நடக்கும். டக்ட் பெரிதானால் ஃபால்ஸ் சீலிங் இறங்கும். சீலிங் இறங்கினால் மேல் ஸ்பீக்கர்களின் இடம் மாறும். இறுக்கி மூடிய அறை என்பதால் புதுக் காற்று வரவும் வழி வேண்டும், இல்லையென்றால் இரண்டாம் பாதியில் எல்லோருக்கும் தூக்கம் வரும், பழி இயக்குநர் மேல் விழும்.

அந்தப் பத்து அங்குல சீலிங் இடைவெளிக்குள் நடக்கும் போட்டியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். டக்ட் அங்கேதான். தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் டால்பி அட்மாஸ் முறைக்கு நான்கு ஸ்பீக்கர் அங்கேதான். 7.1.4 என்றால் காது மட்டத்தில் ஏழு, சப் ஒன்று, தலைக்கு மேல் நான்கு என்று பொருள். புரொஜக்டர் தாங்கி, விளக்குகள், ராக்வூல், இவற்றுக்கு நடுவே நட்ட நடுவில் ஓடும் காங்கிரீட் பீம், எல்லாம் அதே பத்து அங்குலத்தில். ஒவ்வொருவரும் தனித்தனி வரைபடத்தில் இவற்றைப் போட்டிருப்பார்கள், ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கும். சைட்டில் முதலில் வந்தவருக்கு இடம் கிடைக்கும். பெரும்பாலும் முதலில் வருபவர் டக்ட்காரர், கடைசியில் வருபவர் ஸ்பீக்கர்காரர். அதனால்தான் வலது மேல் ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் ஏசி காற்று வெளிவரும் டிஃப்யூசர் இருக்கிறது, ஸ்பீக்கர் ஒன்றரை அடி தள்ளி இருக்கிறது. எல்லோருடைய பொருள்களையும் ஒரே தாளில் போட்ட சீலிங் வரைபடம் ஒன்றைத் தயாரித்து, அதில் எல்லோரும் கையெழுத்திட்ட பிறகுதான் முதல் கம்பி மேலே போக வேண்டும். பீமில் ஓட்டை தேவையென்றால் காங்கிரீட் போடும் முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேட்டு ஸ்லீவ் (ஓட்டைக்கு வழி விடும் குழாய்) வைத்துவிட வேண்டும். பிறகு பீமைக் குடைய யாரையும் விடாதீர்கள்.

எலக்ட்ரீஷியனுக்கு இரண்டே விஷயம். ஏவி கருவிகள் எல்லாம் தனி சர்க்யூட்டில், ஒரே ஃபேஸில், ஒரே எர்த்தில் இருக்கட்டும். வேறு வேறு எர்த்தில் மாட்டினால் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்ற இரைச்சல் ஓயாது. இரண்டாவது, ரேக்கிலிருந்து புரொஜக்டருக்குப் போகும் பைப் இரண்டு அங்குலம் இருக்க வேண்டும், வளைவுகள் அகலமாக இருக்க வேண்டும். நீண்ட தூரத்துக்கு இப்போது ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள்தான். கேபிள் மெலிசுதான், ஆனால் அதன் தலை பெரிசு, முக்கால் அங்குலப் பைப்பில் நுழையாது. அந்தக் கேபிளுக்குத் திசையும் உண்டு. ஒரு முனை பிளேயருக்கு, ஒரு முனை புரொஜக்டருக்கு. மாற்றி இழுத்துவிட்டால் முழுக்க வெளியே எடுத்து மறுபடி இழுக்க வேண்டியதுதான்.

இன்டீரியர் டிசைனருடன்தான் சண்டை வரும். அவர் கண்ணுக்காக வேலை செய்கிறார், அதுவும் நியாயமே, அந்த அறையில் இருக்கப்போவது நீங்கள். மூன்று இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். திரையைச் சுற்றியும் அதன் முன்னால் உள்ள சீலிங்கிலும் அடர்ந்த நிறம், பளபளப்பில்லாத பூச்சு. கிரீம் கலர் சீலிங் திரையின் வெளிச்சத்தைத் திரைக்கே திருப்பி அனுப்பும், கறுப்பு சாம்பலாகும், ஆயிரம் டாலர் புரொஜக்டரும் பத்தாயிரம் டாலர் புரொஜக்டரும் ஒன்றாகத் தெரியும். அடுத்தது பேனல்களை மூடும் துணி. துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தாராளமாக மறுபக்கம் போனால் சத்தமும் போகும். ரெக்ஸின் போட்டு மூடினால் உள்ளே எவ்வளவு ராக்வூல் இருந்தும் மேல் ஸ்தாயி ஒலிகள் எல்லாம் திரும்பி வந்துவிடும். மூன்றாவது, திரைக்குப் பின்னால் ஒன்றரை அடி இடம். சத்தம் ஊடுருவும் திரை போட்டால் நடு ஸ்பீக்கரை அதன் பின்னாலேயே வைக்கலாம், வசனம் நடிகரின் வாயிலிருந்து வரும். "அங்கே ஒரு ஷெல்ஃப் வைக்கலாமே" என்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்த ஒன்றரை அடி போனபின் நம் முதல் வரிசைக்கும் திரைக்கும் பன்னிரண்டரை அடி. மூலைக்கு மூலை 120 அங்குலம் உள்ள அகலத்திரை வடிவத் திரை எட்டே முக்கால் அடி அகலம் இருக்கும், கண்ணுக்குச் சுமார் 38 டிகிரி விரியும். நல்ல தியேட்டரில் நல்ல இருக்கையில் கிடைப்பது ஏறத்தாழ இதுதான். திரையின் பரப்பு 43 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. சினிமா அளவு வெளிச்சத்துக்கு எழுநூறு லூமென்ஸே போதும். ஆனால் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் வித்தியாசத்தை அதிகமாகக் காட்டும் எச்டிஆர் படங்களுக்கு அதைப் போல் இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. நிறத்தைச் சரியாக அமைத்த பிறகு மிஞ்சுவது பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை விடக் குறைவாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

சத்தம் வெளியே போகாமல்

பாதிப் பேர் இதற்காகத்தான் நிபுணரையே தேடுகிறார்கள். இரவு பத்து மணிக்குப் படம் பார்க்க வேண்டும், பக்கத்து அறையில் மாமியார் தூங்க வேண்டும். கனமான சுவர் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஓட்டைதான் பிரச்சினை. மூன்றடிக்கு ஏழடிக் கதவின் அடியில் அரை அங்குல இடைவெளி என்று வையுங்கள். கதவுப் பரப்பில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் அந்த இடைவெளி இருக்கும் வரை, கதவை இரும்பிலேயே செய்தாலும் 22 டெசிபலுக்கு மேல் தடுக்காது. ஏசிக்காரர் "ரிட்டர்ன் காற்றுக்குக் கதவடியில் கேப் விடுங்க" என்பார். அகூஸ்டிக் கன்சல்டன்ட் கதவடியில் இறங்கி மூடும் ரப்பர் சீல் எழுதியிருப்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லையென்றால் தச்சர் இருவர் சொன்னதையும் செய்யாமல் வழக்கம்போல் செய்துவிட்டுப் போவார்.

சுவரைத் தாண்டாத பேஸ் தளத்தின் வழியாகப் போகும். தரையில் உட்காரும் சப்பின் அதிர்வு காங்கிரீட்டைப் பிடித்துக்கொண்டு கீழ் அறை வரை இறங்கும். அதைத் தடுக்கத்தான் அறைக்குள் அறை கட்டுவது. ரப்பர் தாங்கிகளில் இரட்டை ஜிப்சம் சுவர், ஸ்பிரிங்கில் தொங்கும் சீலிங். செலவும் அதிகம், ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்தாறு அங்குலம் போய்விடும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இதைத் தவிர்ப்பது கஷ்டம். சுற்றிலும் தோட்டம் உள்ள தனி வீட்டில், கீழே கார் நிற்கும் இடம்தான் என்றால், இந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

பேச்சை எழுத்தாக்குவது

இத்தனை பேரில் ஒருவர் தலைவராக இருக்க வேண்டும். அறைக்குள் வரும் எந்த மாற்றமும் அவர் ஒப்புதல் இல்லாமல் நடக்கக் கூடாது. ஆர்க்கிடெக்டோ கன்சல்டன்டோ யாராக இருந்தாலும் சரி, வீட்டுக்காரர் மட்டும் வேண்டாம். ஆளுக்கு ஆள் தொலைபேசியில் வேறு வேறு பதில் சொல்லிவிடுவோம்.

"நல்லா இருக்கணும்" என்பதை ஒப்பந்தத்தில் எழுத முடியாது. சிடியா என்ற அமைப்பு, ஹோம் தியேட்டர் தொழிலில் இருப்பவர்களுக்கானது, 1989-ல் அமெரிக்காவில் தொடங்கியது. அது 2023-ல் ஆர்பி22 என்று ஒரு பரிந்துரையை வெளியிட்டது. ஸ்பீக்கர் கோணம், சத்த அளவு, பின்னணி இரைச்சல், இருக்கைக்கு இருக்கை வித்தியாசம் என்று ஒவ்வொன்றையும் அளந்து 1 முதல் 4 வரை நிலை கொடுக்கும் ஏற்பாடு அது. "இந்த அறை எந்த நிலைக்கு வரும்?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுப் பாருங்கள். நான்காம் நிலை எல்லா வீட்டுக்கும் சாத்தியமில்லை, தேவையுமில்லை. நேர்மையானவர் எந்தெந்த அளவில் உங்கள் அறை கீழே நிற்கும் என்றும் சேர்த்துச் சொல்வார்.

அளப்பவர் இரண்டு முறை வர வேண்டும். ஒன்று, சீலிங்கும் பேனலும் மூடும் முன். ஸ்பீக்கர் இடங்கள், பைப்கள், ராக்வூல் எல்லாம் வரைபடப்படி இருக்கின்றனவா என்று டேப் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்துவிட வேண்டும். இரண்டாவது, கம்பளம், இருக்கை, திரைச்சீலை எல்லாம் வந்த பிறகு. காலி அறையில் செய்த கேலிப்ரேஷன் (ஒலியை அளந்து சரிசெய்தல்) இருக்கைகள் வந்ததும் செல்லாது. ஒவ்வொரு இருக்கையிலும் மைக்கை வைத்து, தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை ஒரு ஸ்வீப் ஓட்டி, வரைகோடு எடுப்பார்கள். மேடாக இருக்கும் இடத்தை ஈக்வலைசர் வெட்டிவிடும். பள்ளமாக இருக்கும் இடத்தை அதனால் நிரப்ப முடியாது, ஆம்ப்தான் சூடாகும். அந்தப் பள்ளத்தை இருக்கையையோ சப்பையோ நகர்த்தித்தான் சரிசெய்ய வேண்டும். "சாஃப்ட்வேர் பார்த்துக்கும் சார்" என்று அறைக் கட்டத்திலேயே சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் நான்கு பொருள் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். மூடும் முன் எடுத்த போட்டோக்கள், உண்மையில் கட்டியபடி திருத்திய வரைபடம், ஒவ்வொரு இருக்கையின் வரைகோடு, ஒலியைப் பிரித்து அனுப்பும் பிராசஸரின் செட்டிங் ஃபைலும் அதன் பாஸ்வேர்டும். அந்தப் பாஸ்வேர்டைப் பலர் கேட்பதே இல்லை. நாளைக்கு அவர் கடையை மூடினாலோ உங்களுக்கும் அவருக்கும் ஆகாமல் போனாலோ, ஒரு சப்பின் அளவைக் குறைக்கக்கூட முடியாமல் நிற்பீர்கள்.